பொருளியலா, வணிக நிருவாகமா?

பொருளைப் பற்றிய சிந்தனை தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்கள் பொருட்பாலுக்கு உரியன. அறத்துப்பாலுக்கு 38, இன்பத்துப்பாலுக்கு 25. முப்பாலுள் பெரும்பங்கு பொருளுக்கே என்று மேடைதோறும் பெருமை பேசுவோர் பலர்; அப்பகுதியைத் திறந்து பார்ப்போர் சிலர். பொருளீட்டுதலைப் பெயரிலேயே கொண்ட 'பொருள்செயல்வகை' அங்கே ஓர் அதிகாரம் மட்டுமே. எஞ்சியவை அரசையும் அமைச்சையும், நாட்டையும் குடியையும், உழவையும் நல்குரவையும் பற்றிப் பேசுகின்றன. தனியொருவன் கைப்பொருள் நாட்டின் பொருள்நிலைக்குள் அடங்கியது. நாட்டின் நிலையை அறியாதவன் தன் பொருளின் நிலையையும் முற்ற அறியான் என்னும் நோக்கு அந்த அமைப்பிலேயே புலப்படுகின்றது.

இத்தகைய மரபை உடைய சமுதாயம் இன்று மலேசியாவில் தன் பிள்ளைகளுக்கு என்ன அறிவுரை கூறுகின்றது? எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் வீடுதோறும் ஒரே பேச்சு எழுகின்றது. அறிவியல் பிரிவில் பயின்ற பிள்ளைக்கு மருத்துவம். அது கிட்டாவிடின் பொறியியல். கலைப் பிரிவில் பயின்ற பிள்ளைக்கு வணிக நிருவாகம். "பொருளியல் வெறும் ஏட்டுப் படிப்பு, வணிக நிருவாகம் வேலைக்கான படிப்பு" என்று தந்தை சொல்கிறார். மாமன் ஆமோதிக்கிறார். பள்ளியில் ஆலோசனை கூற வேண்டிய ஆசிரியரும் தலையசைத்துவிடுகிறார். பதினெட்டு அகவை நிரம்பாத மாணவன், தான் எதைப் பெறுகிறான், எதை இழக்கிறான் என்பதை அறியாமலே விண்ணப்பத்தில் கையொப்பமிடுகிறான்.

இந்த அறிவுரை பிழையானது. ஆற்றலும் ஆர்வமும் உள்ள மாணவனுக்கு அது தீங்கு செய்கின்றது. அவனைச் சார்ந்த சமுதாயத்துக்கு அதனினும் பெரிய தீங்கு செய்கின்றது.

இரு படிப்புகளின் வேறுபாடு

முதலில் இவ்விரு படிப்புகளும் எவை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வணிக நிருவாகப் பட்டம் ஒரு நிறுவனத்தின் உள்ளே நின்று உலகைப் பார்க்கக் கற்பிக்கின்றது. சந்தைப்படுத்துதல், மனித வள நிருவாகம், உற்பத்தி மேலாண்மை, நிதி, கணக்கு, வணிகச் சட்டம் ஆகிய ஒவ்வொன்றிலும் சிறிதளவு அறிவை அது வழங்குகின்றது. பொருளியற் பட்டமோ நிறுவனத்தின் வெளியே நின்று, நிறுவனம், குடும்பம், அரசு, அயல்நாடு ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதைக் காணக் கற்பிக்கின்றது. விலை ஏன் ஏறுகின்றது? கூலி ஏன் ஏறாமல் நிற்கின்றது? ஒரு வரி இறுதியில் யார் தலையில் விழுகின்றது? இவை அதன் வினாக்கள். இவற்றுக்கு விடை காண்பதற்குரிய கருவிகள் கணிதமும் புள்ளியியலும் பொருளாதார வரலாறும் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போர்க்கு இது விளங்கும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சேலைக்கடை வைத்திருக்கும் ஒருவரைக் கருதுக. அவர் இந்தியாவிலிருந்து சரக்கை வரவழைத்து, அமெரிக்க டாலரில் பணம் செலுத்துகிறார். 1997ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட் கொடுத்தவர், 1998 ஜனவரியில் நான்கு ரிங்கிட் எண்பது காசுக்கும் மேல் கொடுக்க நேர்ந்தது. அவர் கடையை நன்றாக நடத்தவில்லையா? நடத்தினார். வாடிக்கையாளரை மதித்தார், கணக்கை ஒழுங்காக எழுதினார், ஊழியரை அன்புடன் நடத்தினார். இவ்வளவும் செய்தும் சரக்கின் விலை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பாங்காக்கில் 1997 ஜூலையில் தாய்லாந்து நாணயம் சரிந்ததும், குறுகிய காலக் கடனாக வந்த அந்நிய முதல் ஒரே நேரத்தில் வெளியேறியதும், 1998 செப்டம்பர் 2ஆம் நாள் மலேசியா தன் நாணயத்தை ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டியதும், அக்கட்டு 2005 ஜூலை வரை நீடித்ததும் அவருடைய கல்லாப் பெட்டியைத் தீர்மானித்தன. கடையை நடத்தும் முறையை வணிக நிருவாகம் கற்பிக்கலாம். கடையின் மேல் வந்து விழும் மலையைக் காணக் கற்பிப்பது பொருளியலே.

செட்டியார் கிட்டங்கியின் பாடம்

"வாணிகம் கற்றால் சமுதாயம் உயரும், பொருளியல் கற்றால் கட்டுரைதான் எழுதலாம்" என்பார் சிலர். அவர்களுக்குத் தமிழர் வரலாறே விடை கூறும்.

தென்கிழக்காசியாவில் தமிழர் வாணிகத்தின் சிகரம் நகரத்தார் வட்டித் தொழில். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும், பினாங்கிலும், இரங்கூனிலும் அவர்களின் கிட்டங்கிகள் விளங்கின. அங்கே தொழில் கற்பிக்கப்பட்ட முறை போற்றத்தக்கது. பெட்டியடிப் பையனாகப் புகுந்த சிறுவன், பாய் விரிப்பதிலிருந்து பேரேடு எழுதுவது வரை படிப்படியாகக் கற்று, ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு கடையையே பொறுப்பேற்று நடத்தும் ஏஜெண்டாக உயர்ந்தான். நாணயம், சிக்கனம், கணக்கு, ஆளறியும் திறம் ஆகிய அனைத்தும் அங்கே கைவந்தன. வணிக நிருவாகம் என்று இன்று மூன்றாண்டுகள் வகுப்பில் சொல்லித்தரப்படுவதன் சாரம் அந்தப் பாயின்மேல் அமர்ந்தே கற்கப்பட்டது. பட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அத்தகைய திறலோரை வீழ்த்தியது எது? 1930களின் உலகப் பொருளாதார மந்தம். நெல்லின் விலை உலகச் சந்தையில் வீழ்ந்தது. பர்மிய உழவரால் கடனைத் திருப்பித் தர இயலவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியார் கையில் இருந்தது. அப்பதிற்றாண்டு முடிவதற்குள் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. இது செல்வத்தின் வளர்ச்சியன்று, சிக்கலின் வளர்ச்சி. விற்க முடியாத நிலம் கையில் நின்றது, உழவரின் வெறுப்பும் உடன் வந்தது, போரும் அதன்பின் பர்மிய விடுதலையும் வந்தன, நிலம் போயிற்று. கணக்கில் ஒரு காசும் பிசகாதவர்கள் கணக்குக்கு வெளியே எழுந்த புயலால் சாய்ந்தார்கள்.

வாணிகத் திறன் தமிழரிடம் குறைந்திருந்தது என்பதற்கு இவ்வரலாற்றில் சான்றில்லை. குறைந்திருந்தது அத்திறனைச் சூழ்ந்திருக்கும் உலகைப் பற்றிய அறிவு.

தோட்டப்புறத்தில் எண்ணியவர் யார்?

பர்மா தொலைவில் இருக்கலாம். மலாயாத் தோட்டப்புறம் அண்மையில் உள்ளது. தமிழ்த் தொழிலாளியின் வாழ்வு இரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. அந்த விலையோ அவன் கண்காணாத இடங்களில் அமைந்தது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1934இல் பன்னாட்டு இரப்பர் ஒழுங்குமுறை உடன்பாடு ஏற்பட்டது. இடையில் மந்தம் வந்தபோது பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஏன் வேலை போயிற்று என்று கேட்டால் "இலண்டனில் விலை இறங்கிவிட்டது" என்பதே கங்காணி அறிந்திருந்த விடை.

1950களில் மற்றொரு இடி விழுந்தது. விடுதலையை ஒட்டி ஆங்கில முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றனர். வேலையும் வீடும் ஒருங்கே பறிபோன குடும்பங்கள் சாலையோரம் நின்றன. இத்தோட்டத் துண்டாடலுக்கு இருவகை எதிர்வினைகள் எழுந்தன. இரண்டும் நினைவில் நிறுத்தத்தக்கவை.

ஒன்று, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளரிடம் மாதம் 10 வெள்ளியாகத் திரட்டித் தோட்டத்தையே விலைக்கு வாங்கும் துணிவு அது. மற்றொன்று, மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் நடத்திய ஆய்வு. 1951 முதல் 1960 வரை எத்தனை தோட்டங்கள் துண்டாடப்பட்டன, எத்தனை பேர் வேலை இழந்தனர், கூலியும் குடியிருப்பும் என்னவாயின என்பவற்றை அவர் குழுவினர் தேடித் தொகுத்து, 1960களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். சம்பந்தனின் முயற்சியைத் தமிழர் ஆண்டுதோறும் நன்றியுடன் நினைக்கின்றனர், அது முறையே. ஆயின் தமிழனின் துன்பத்தை எண்ணிக்கையாக்கி, மறுக்கவொண்ணாத சான்றாக அரசின் முன் வைத்த ஆய்வைத் தமிழ்ப் பள்ளிகளில் எத்தனை மாணவர் அறிவர்? தமிழ்த் தொழிலாளியின் வீழ்ச்சியை எண்ணுவதற்குத் தலைமை ஏற்றவர் தமிழரல்லர் என்பது பெருமைக்கும் நன்றிக்கும் உரியது. அத்தோடு சிந்தனைக்கும் உரியது. அந்த எண்ணும் பணிக்குத் தன் பிள்ளைகளை அனுப்பாத சமுதாயம், தன் துயரைக் கண்ணீராகச் சொல்லுமேயன்றி, கணக்காகச் சொல்ல இயலாது. கண்ணீர் ஒரு நாள் செய்தி. கணக்கு பல்லாண்டுச் சான்று.

இன்றைக்கும் இந்நிலை மாறவில்லை. 2016ஆம் ஆண்டு மலேசியாவில் வறியோர் நூற்றுக்கு 0.4 பங்கினரே என்று அறிவிக்கப்பட்டது. அப்போது குடும்பம் ஒன்றின் வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். பின்னர் 2020இல் அக்கோடு திருத்தப்பட்டு 2,208 ரிங்கிட் ஆனது. அதன்படி 2019ஆம் ஆண்டின் வறியோர் விகிதம் 5.6 ஆயிற்று. மக்கள் திடீரென ஏழையாகிவிட்டனரா? இல்லை. அளவுகோல் மாறியது. பழைய அளவுகோல் நின்ற ஆண்டுகளில் ஏழைகளாயிருந்தும் ஏழைகளாக எண்ணப்படாத குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் இல்லாமற் போயிருக்குமா? அந்த அளவுகோல் தவறு என்று அன்றே சான்றுடன் வாதிடத்தக்க தமிழ்ப் பட்டதாரிகள் எத்தனை பேர் இருந்தனர்? விற்பனை உத்தியைக் கற்றவர் இதனைச் செய்ய இயலாது. அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு அது கற்பிக்கப்படவில்லை.

குறைந்தபட்சச் சம்பளத்தையும் இவ்வாறே காண்க. 2013இல் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய அச்சம்பளம், 2022 மே மாதத்தில் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ஆகவும் உயர்ந்தது. உயரும் ஒவ்வொரு முறையும் முதலாளிகள் "வேலைகள் அழியும்" என்கின்றனர். தொழிற்சங்கத்தினர் "வயிறு நிறையவில்லை" என்கின்றனர். இருவர் சொல்லையும் சோதித்துப் பார்க்கும் வழி உண்டா? உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் இரு பொருளியலாளர் அங்கும் அண்டை மாநிலமான பென்சில்வேனியாவிலும் உள்ள நானூறுக்கு மேற்பட்ட உணவகங்களை ஒப்பிட்டனர். வேலைகள் குறையவில்லை என்று 1994இல் அறிவித்தனர். அறிஞர்கள் பல்லாண்டுகள் அதன்மேல் வழக்காடினர்; 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேலை கொடுப்பவர் ஒருவரே இருக்கும் இடத்தில் கூலி இயல்பான அளவினும் தாழ்ந்து நிற்கும் என்பதை ஜோன் இராபின்சன் 1933ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். சுற்றிலும் வேறு முதலாளி இல்லாத தோட்டத்தில், வீடும் பள்ளியும் கோயிலும் அத்தோட்டத்துக்குள்ளேயே இருக்க, பால்மரம் வெட்டிய தமிழனின் கூலி ஏன் தலைமுறைக் கணக்கில் தாழ்ந்து நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ? தன் பாட்டனின் வாழ்க்கையை விளக்கும் கல்வியைத்தான் பேரன் "ஏட்டுப் படிப்பு" என்று ஒதுக்குகிறான்.

வேலை கிடைக்குமா?

இனி எதிர்வாதங்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றுள் முதன்மையானது வேலை. கடன்பட்டுப் படிக்கும் பிள்ளைக்கு வேலை வேண்டும் என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. 1997இல் பி.டி.பி.டி.என். தொடங்கியது முதல், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பட்டத்தோடு கடனையும் சுமந்தே வெளிவருகின்றனர். ஆகவே, எப்படிப்பு நல்லது என்று கேட்கும்போது வயிற்றையும் எண்ணியே விடை கூற வேண்டும்.

ஆயின், வணிக நிருவாகப் பட்டம் வேலைக்கு உறுதி என்னும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்துக்குப்பின் தனியார் கல்லூரிகள் பெருகின. வணிக வகுப்பு நடத்த ஆய்வுக்கூடம் வேண்டாம், பட்டறை வேண்டாம், நாற்காலிகளும் ஒரு விரிவுரையாளரும் இருந்தால் போதும். பொருளியலுக்கும் ஆய்வுக்கூடம் வேண்டாமே எனின், உண்மை. ஆயின் அதற்குக் கணிதம் வேண்டும், கணிதம் என்றதும் சேருவோர் தொகை குறைந்துவிடும். எனவே கட்டணத்தை நம்பி வாழும் கல்லூரி எதனை விளம்பரப்படுத்தும் என்பது வெள்ளிடைமலை. இடங்கள் மிகுந்திருப்பதைக் கண்டு வேலைகளும் மிகுந்திருக்கும் எனக் கருதிவிடுகின்றனர். ஒரே பட்டத்தோடு ஆண்டுதோறும் பெருந்தொகையினர் வெளிவரும்போது, அப்பட்டம் ஒருவரை மற்றொருவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டாது. இவ்வுண்மையை விளக்கும் பாடத்துக்கும் பொருளியல் என்றே பெயர்.

பொருளியல் பயின்றோர் பட்டினி கிடந்தனரா? வங்கி, காப்புறுதி, அரசின் திட்டப் பிரிவு, புள்ளியியல் துறை, ஆராய்ச்சி நிறுவனம், செய்தித்துறை ஆகிய அனைத்தும் அவர்களை ஏற்கின்றன. ஒரு வணிக நிறுவனம் விற்பனை அலுவலரைத் தேடும்போது பொருளியல் பட்டதாரியை எடுத்துக்கொள்ளும். மத்திய வங்கி விலைவாசியை ஆராய ஒருவரைத் தேடும்போது வணிக நிருவாகப் பட்டதாரியை எளிதில் எடுத்துக்கொள்ளாது. ஒரு கதவு இருபுறமும் திறக்கின்றது. மற்றது ஒருபுறமே திறக்கின்றது.

உயர்ந்த எடுத்துக்காட்டுகளும் உண்டு. சிங்கப்பூரின் கோ கெங் சுவீ இராபிள்ஸ் கல்லூரியிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்றவர். 1953-54இல் சிங்கப்பூர் மக்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் கணக்கெடுத்து 1956இல் நூலாக்கியவர். 1959இல் நிதியமைச்சரானபோது அவர் கையில் இருந்தது ஊகமன்று, கணக்கு. சதுப்பு நிலமாயிருந்த ஜூரோங் தொழில்நகரானதில் அக்கல்விக்குப் பங்கு இல்லையென யார் கூறுவர்? 2023இல் சிங்கப்பூரின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தர்மன் சண்முகரத்தினம் பொருளியல் பயின்றவர். ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் 2005 முதல் பொருளாதார வளர்ச்சித் துறையின் துணைத் தலைமைச் செயலாளர்களுள் ஒருவராகப் பணிபுரிந்த மலேசியர் ஜோமோ குவாமே சுந்தரமும் பொருளியல் அறிஞரே. இவர்கள் பெயரைச் சொல்லிப் பெருமைகொள்ளும் இல்லங்கள், இவர்கள் பயின்ற பாடத்தை மட்டும் பிள்ளைகளுக்கு ஆகாதென ஒதுக்குவது விந்தையினும் விந்தை.

தொழில் முனைவோர் தோன்றுவாரா?

இரண்டாம் வாதம் இது: "தமிழர் கூலியாகவே இருந்தது போதும், முதலாளி ஆக வேண்டும், அதற்கு வணிக நிருவாகமே வழி." நோக்கம் உயர்ந்தது, வழி பொருந்தவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பினாங்கிலும் கடைகளைக் கட்டி எழுப்பியவர் பெரும்பாலோர் கடைத்திண்ணையில் கற்றவர்கள். வணிக நிருவாகப் பட்டம் பெருநிறுவனம் ஒன்றின் இடைநிலை அலுவலரை உருவாக்க அமைந்த படிப்பு. முதலாளியை உருவாக்க அமைந்ததன்று. முதல் இல்லாமையும், இடம் கிடைக்காமையும், கடன் பெறுவதில் உள்ள இடர்ப்பாடும் தமிழ்த் தொழில் முனைவோரைத் தடுப்பன. இவற்றை மூன்றாண்டு விரிவுரை நீக்காது.

உலகில் வணிகக் கல்விக்குப் பெயர்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் வணிகப் பள்ளியை 1908இல் தொடங்கியது. ஆயினும் அது இளநிலை மாணவருக்கு வணிகப் பட்டம் வழங்குவதில்லை. அங்கே இளநிலையில் அத்துறையை நாடுவோர் பொருளியலையே பயில்கின்றனர். வணிக நிருவாகம் பட்டம் பெற்று, பணியில் பழகியபின் கற்கத்தக்கதாகக் கருதப்படுகின்றது. ஒரு நிறுவனத்தின் உள்ளேயே நுழைந்திராத இளைஞனுக்கு அதனை ஆளும் கலையைச் சொல்வது, நீரில் இறங்காதவனுக்கு நீச்சலைச் சொல்வது போன்றது. அமெரிக்காவில் 1959இல் வெளிவந்த இரு பெரும் அறிக்கைகள், இளநிலை வணிகக் கல்வி ஆழமற்றது என்று கண்டித்தன. 2011இல் ரிச்சர்டு ஆரம், ஜோசிபா ரொக்சா ஆகியோர், 24 கல்லூரிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்ட நூலிலும், ஆய்ந்து சிந்திக்கும் திறனில் வணிக மாணவரின் வளர்ச்சி குறைவாகவே காணப்பட்டது. ஐம்பதாண்டு இடைவெளியில் ஒரே குறை இருமுறை சுட்டப்பட்டிருப்பது தற்செயலன்று. அமெரிக்காவின் அளவை மலேசியாவுக்கு அப்படியே பொருத்தலாகாது. ஆயினும் பலவற்றைத் தொட்டு ஒன்றையும் ஆழாத பாடத்திட்டம் எந்நாட்டிலும் அதே பயனைத்தான் தரும்.

கணிதம் என்னும் அச்சம்

மூன்றாம் வாதத்தைப் பலர் வெளிப்படையாகக் கூறுவதில்லை; ஆயினும் அதுவே உண்மையான காரணம். பொருளியலில் கணிதம் இருக்கின்றது. கணிதம் கடினம். ஆகவே பொருளியல் வேண்டாம்.

இவ்வச்சம் பல்கலைக்கழக வாயிலில் தோன்றுவதன்று. நான்காம் படிவத்தில், "கூடுதல் கணிதம் உனக்கு வராது" என்று ஆசிரியர் ஒருவர் சொல்லும் நாளில் தோன்றுகின்றது. ஒரு மாணவனின் பதினாறாம் அகவையில் சொல்லப்பட்ட ஒரு சொல், அவன் நாற்பதாம் அகவையில் எந்த அறையில் அமர்வான், எந்த அறைக்கு வெளியே காத்து நிற்பான் என்பதைத் தீர்மானித்துவிடுகின்றது. இளநிலைப் பொருளியலுக்கு வேண்டிய கணிதம் மேதைகளுக்கு மட்டும் உரியதன்று. நுண்கணிதத்தின் தொடக்கம், சமன்பாடு, சராசரி, நிகழ்தகவு ஆகியவற்றை ஒழுங்காகப் பயில்வோர் எவரும் அதனைக் கடக்கலாம். கடினமானதை விலக்கி எளியதைத் தருவது அன்பு போலத் தோன்றும். அது அன்பன்று, மாணவன்பால் கொண்ட நம்பிக்கையின்மை.

ஒப்பத்தக்கவை

இவ்வளவு கூறியதனால் வணிகக் கல்வி முற்றும் பயனற்றது என்பது கருத்தன்று. நீதி வேண்டுமாயின் சிலவற்றை ஒப்புதல் வேண்டும். கணக்கியல் வேறு, வணிக நிருவாகம் வேறு; கணக்கியல் திட்பமான ஒரு தொழிற்கல்வி, அதனை நாடுவோர் தயங்க வேண்டியதில்லை. தந்தையின் கடையை ஏற்று நடத்தப் போகும் பிள்ளைக்கு வணிகச் சட்டமும் நிதி நிருவாகமும் உடனே பயன்படும். கணிதத்தில் உண்மையாக முயன்றும் முடியாத மாணவனைப் பொருளியலில் திணிப்பதும் கொடுமையே.

பொருளியலுக்கும் குறைகள் உண்டு. 1997ஆம் ஆண்டு நெருக்கடியையும் 2008ஆம் ஆண்டு நெருக்கடியையும் அத்துறையினர் பெரும்பாலோர் முன்னறியவில்லை. கோடுகளையும் வளைவுகளையும் மனப்பாடம் செய்து, மக்களை மறந்துவிடும் பொருளியல் ஆசிரியரும் உளர். ஆயின் மருத்துவர் சிலர் நோயை அறியத் தவறினர் என்று மருத்துவக் கல்லூரியை மூடுவார் இலர். தவறியவரைத் திருத்தும் ஆற்றலும் அத்துறைக்குள்ளிருந்தே வர வேண்டும்.

இரண்டையும் இணைத்துக் கற்கும் வழியும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் அமைந்த பொருளியல், நிருவாகவியல் புலத்திலிருந்து வேறாக, 1990களின் பிற்பகுதியில் வணிகமும் கணக்கியலும் தனிப் புலமாயின. அண்மை ஆண்டுகளில் அவை மீண்டும் ஒரே புலமாக இணைக்கப்பட்டன. பொருளியலை முதன்மைப் பாடமாகக் கொண்டு, கணக்கியலிலும் நிதியிலும் சில தாள்களை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவன் வணிகத்தை இழப்பதில்லை. வணிகத்தை முதன்மையாகக் கொண்டவன் பின்னர்ப் பொருளியலைப் பிடிப்பது அரிது. அடித்தளத்தின்மேல் மாடி கட்டலாம். மாடியின்கீழ் அடித்தளம் இடுவது எளிதன்று.

தமிழாசிரியரின் கடமை

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். மிகுந்த வேலை உண்டு. தமிழ்ப் பிள்ளையும் அதன் பெற்றோரும் அஞ்சாமல் அணுகும் முதல் படித்தவர் தமிழாசிரியரே. அவர் சொல்லை வீடு கேட்கின்றது. ஆகவே அவர் சொல்வது ஆராய்ந்த சொல்லாக இருத்தல் வேண்டும்.

தமிழ் வகுப்பிலேயே இப்பணியைத் தொடங்கலாம். கட்டுரைப் பயிற்சிக்கு 'மழைக்காலம்', 'பொங்கல் விழா' என்னும் தலைப்புகளோடு, 'விலைவாசி ஏன் ஏறுகின்றது?', 'குறைந்தபட்சச் சம்பளம் உயர வேண்டுமா?' என்பனவற்றையும் தரலாம். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் தாக்கல் செய்யப்படும் வாரத்தில், தமிழ் நாளேடுகளில் வரும் செய்தியை வகுப்பில் வாசித்து, ஒவ்வோர் எண்ணும் எதனைக் குறிக்கின்றது என்று கேட்கலாம். பணவீக்கம், பற்றாக்குறை, மானியம், உற்பத்தித் திறன் முதலிய சொற்கள் தமிழில் இருந்தும், அவற்றை வழங்குவோர் இலராயின் அவை அகராதியிலேயே உறங்கும். தமிழில் பொருளியலைப் பேசக் கற்ற மாணவன், பின்னர் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதனைக் கற்கும்போது, தன் வீட்டாருக்கும் அதனை விளக்கவல்லவனாவான். அத்தகையோர் பெருகினால், சமுதாயத்தின் பெயரால் திரட்டப்படும் பணத்துக்குக் கணக்குக் கேட்கவும், சமுதாயத்தின் பெயரால் வெளியிடப்படும் புள்ளிவிவரத்தை நிறுத்துப் பார்க்கவும் ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

தோட்டங்கள் மறைந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்வாளியைச் சுமந்த கைகள் ஓய்ந்துவிட்டன. ஆயினும் சம்பளத்தையும் விலையையும் வறுமைக்கோட்டையும் நிலத்தின் பயனையும் தீர்மானிக்கும் மேசைகள் இன்றும் உள்ளன. அவற்றைச் சுற்றி அமர்வோர் எண்களின் மொழியில் பேசுகின்றனர். அம்மொழியை அறிந்த பிள்ளைகளைத் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பாத வரையில், அம்மேசைகளில் தமிழரைப் பற்றிய முடிவுகளைப் பிறரே எழுதுவர். விண்ணப்பத்தில் கையொப்பமிடும் மாணவனுக்கு இதனை ஒருவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதனைச் சொல்வதற்கு ஆசிரியரினும் உரியவர் வேறு யாவர்?